இரவு எட்டு மணி வரை அழைப்பு இல்லை

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் ஹலோக்கா வீடு எது என்று கை காட்டுவார்கள். கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் குரல் வரும். பதினேழு வருடம் தொலைபேசியில் வேலை பார்த்த பழக்கம். மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அதற்காக அவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. எனக்கு யாராவது அப்படிப் பெயர் வைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

நான் அவரோடு ஆறு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள். அவருக்கு நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். புருஷன் வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டான், பெண்டாட்டி வானத்தில் வெளிச்சம் வந்தது என்று கதை கட்டினாள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அக்கா முதலில் ஒரு டாக்ஸி நிறுவனத்தில் அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் கூப்பிட்டால் இடத்தைக் கேட்டு, பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். ஒரு முறை பேசியவர் மறு முறை கூப்பிட்டால், பெயர் சொல்வதற்கு முன்பே யாரென்று கண்டுபிடித்துவிடுவார். அப்படியொரு காது. அங்கே வண்டி ஓட்டியவர்தான் அவருடைய கணவர். ஒரு வருடம் முழுக்க அவர் குரலை மட்டும் கேட்டிருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை. "மத்த டிரைவர்ங்க எல்லாம் எங்க போகணும்னு கத்துவாங்க. இவர் மட்டும் 'சரிங்க, கிளம்பிட்டேன்'னு சொல்லுவாரு. அந்த 'சரிங்க'வைத்தான் நான் கட்டிக்கிட்டேன்" என்பார். நேரில் பார்த்தபோது ஆள் கொஞ்சம் குள்ளம், முன்தலையில் முடி இல்லை. அதைச் சொல்லி அக்கா இன்னும் சிரிப்பார். சிரிப்பார் என்றா எழுதினேன்? அது அப்போது.

பிள்ளைகள் இல்லை. யாராவது கேட்டால், "எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு பேருமே போதும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பின்னாளில் மாமா ஒரு மருத்துவமனையில் வேன் ஓட்டினார். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து அழைத்துப் போய், ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. டாக்ஸியும் வேனுமாக ஓட்டிய பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நோயாளிகளுக்குக் குலுங்கக்கூடாது என்று ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தார்.

அக்கா விமானப்படைத் தளத்து வேலைக்கு வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும் அதன் லட்சணம். தளத்தின் பெரிய கதவுக்கு வெளியே, காவல் கூண்டை ஒட்டி, பொதுமக்கள் தொடர்பு அறை என்று ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு தொலைபேசி, சுவரில் ஒரு கடிகாரம். மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சத்தம் போடும், காற்று மட்டும் வராது. ராணுவ ரகசியம் எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜெட் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, நாய் வேலிக்குள் போய்விட்டது, வீட்டுக்காரர் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்று வெளி ஆட்கள் கூப்பிடுவார்கள். பதில் சொல்வதற்கு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். எந்தப் புகாருக்கு எந்த வாக்கியம் என்று அதில் அச்சடித்திருக்கும்.

வானத்தில் வெளிச்சம் தெரிகிறது என்று யாராவது கூப்பிட்டால் மூன்று பதிலில் ஒன்றைச் சொல்லலாம். பயிற்சி விமானம், வானிலை பலூன், வெள்ளிக் கிரகம். பயிற்சி விமானம் என்று சொன்னால் மேலே கேட்டு உறுதி செய்ய வேண்டும். பலூன் என்றால் வானிலைப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும். வெள்ளிக்கு மேலதிகாரி கிடையாது. அதனால் நாங்கள் எல்லோருக்கும் வெள்ளியைத்தான் கொடுத்தோம்.

எல்லாம் நடந்த அந்த வருடம் வெயில் காலத்தில்தான் இந்த வெளிச்சம் ஆரம்பித்தது. நானே ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தளத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்று வெளிச்சம், ஒரே வரிசையில், பழுத்த மாம்பழ நிறத்தில். சத்தம் துளியும் இல்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மூன்றும் சேர்ந்தாற்போல் மெதுவாகக் கீழே இறங்கி, பாதியில் பக்கவாட்டில் திரும்பி, அணைந்துவிட்டது. நிறுத்தத்தில் நின்ற பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டோம். மறுநாள் வேலைக்கு வந்து, அதே வெளிச்சத்தைப் பற்றிக் கூப்பிட்டவரிடம் அது வெள்ளிக் கிரகம் என்று சொன்னேன். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தளத்தில் கேட்டால், "நாங்க எதுவும் பறக்கவிடல" என்றார்கள். அவர்களுக்கும் தெரியாதோ, தெரிந்தும் சொல்லவில்லையோ, அதுவும் தெரியாது.

இனி தினசரித் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் வந்த அழைப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, வேலை முடியும்போது கையெழுத்துப் போட்டு, தளத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் குமாஸ்தாவிடம் கொடுக்க வேண்டும். எங்கள் வேலை முடிவது இரவு எட்டு மணிக்கு. குமாஸ்தாவின் பேருந்து கிளம்புவது மாலை ஐந்தே முக்காலுக்கு. ஆகவே அந்த மகாராசன் ஐந்தரைக்கே கீழே இறங்கிவந்து தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஐந்தரைக்குக் கொடுக்கும் தாளில் எட்டு மணி வரை உள்ளதை எப்படி எழுதுவது? அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கடைசிக் கட்டத்தில் "மாலை 5.30 முதல் இரவு 8 மணி வரை அழைப்பு இல்லை" என்று முன்கூட்டியே எழுதி, எட்டு மணி என்று நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு வருகிற அழைப்புகளுக்கு வாயால் பதில் சொல்வதோடு சரி. பெயர் கேட்பதில்லை. பெயர் கேட்டால் தனிப் படிவம் மூன்று பிரதி எழுத வேண்டும்.

அக்கா வந்த புதிதில் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் முழுக்க எட்டு மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அறை பூட்டியிருக்கும். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருவார். காலையில் குமாஸ்தா வந்து, தாள் தரையில் கிடக்கிறது, மிதிபட்டுப் போய்விட்டது என்று குதிப்பார். ஐந்தாவது நாள் அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. எல்லாரும் பண்றதுதான் இது" என்றேன்.

"வராத நேரத்துக்கு நான் எப்படிடி கையெழுத்துப் போடுறது?"

"வெளிச்சம் தெரியுதுன்னு நாலு பேர் கூப்பிடுவான். அதை யாரு படிக்கப் போறாங்க?"

அக்கா அன்றைக்கு எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் சுவர்க் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்ததற்கு நான் கிண்டல் வேறு செய்தேன். பிறகு பழகிவிட்டது. அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கும்.

ஆறு மணிக்கே இருட்டிவிடும் மாதம் வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை ஐந்தரைக்குக் குமாஸ்தா வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார். அழைப்பு இல்லை என்று அக்கா எழுதி, அக்கா கையெழுத்துப் போட்ட தாள். ஆறு ஐந்துக்கு முதல் அழைப்பு வந்தது. அக்காதான் எடுத்தார். எதைச் சொன்னாலும் "இதோ பாருங்க" என்று ஆரம்பிக்கிற ஓர் ஆள். வெளிச்சம் நகர்கிறது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். மேகம் நகர்வதால் அப்படித் தோன்றும், அது வெள்ளிக் கிரகம் என்று அக்கா சொன்னார். அடுத்தது ஒரு பெண், பின்னால் குழந்தை அழுகிற சத்தம். மூன்றாவது பேசியவர் எடுத்ததும் திட்ட ஆரம்பித்தார். மூவருக்கும் அக்கா பொறுமையாக வெள்ளியைச் சொன்னார்.

நான்காவது அழைப்பை நான் எடுத்தேன். மணி ஆறு முப்பத்தைந்து. ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கியது. "வாய்க்கா ரோட்டுல இறங்குதுங்க. ரொம்பத் தாழ வருது. எனக்கு முன்னாடி போன பைக்குக்காரன் வண்டியைப் போட்டுட்டு ஓடுறான்" என்றார். நான் அட்டையைப் பார்க்காமலே வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு வைத்தேன். வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்: "வெள்ளி இப்ப ரோட்டுக்கே இறங்கி வந்துடுச்சாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மாமாவின் வேன் வாய்க்கால் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமைகளில் அவர் அந்த வழியாகத்தான் போவார் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவிடம் கைப்பேசி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. தினமும் நூறு பொய் சொல்கிறவர்களுக்கு எதிரில் இருப்பவன் உண்மை சொல்வான் என்று எப்படித் தோன்றும்?

ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. "ஹலோ, சொல்லுங்க" என்று அக்கா எடுத்தார். மருத்துவமனையின் வண்டிப் பிரிவிலிருந்து பேசினார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்த பிறகும் கை ரிசீவர் மேலேயே இருந்தது. அவரை எழுப்பி ஆட்டோவில் ஏற்றியது நான்தான்.

வேன் வாய்க்கால் தடுப்பில் மோதிக் கவிழ்ந்திருந்தது. மாமாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. பின்னால் இருந்த மூன்று நோயாளிகளில் ஒருவர் அங்கேயே இறந்துபோனார். வயதான தையல்காரர். மாமா அவரை நான்கு வருடமாகக் கைபிடித்து ஏற்றி இறக்கியவர். மற்ற இருவரும் சிகிச்சை முடிந்த களைப்பில் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். எதையும் பார்க்கவில்லை.

மாமா சொன்னது ஒன்றுதான். மூன்று வெளிச்சம் நேர் எதிரே ரோட்டுக்கு இறங்கி வந்தது, கண் கூசிவிட்டது, மோதிவிடும் என்று திருப்பினேன். காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். குடித்திருக்கிறாரா என்று பார்த்தார்கள், இல்லை. அப்படியானால் தூங்கிவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். கவனக்குறைவால் உயிரிழப்பு என்று வழக்குப் போட்டார்கள். அந்தத் தூங்கிவிட்டார் என்ற சொல்தான் மாமாவை அறுத்தது. சிறைக்குப் போவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசவில்லை. படுக்கையில் கிடந்தபடி வருகிறவர்கள் எல்லோரிடமும், "நான் தூங்குவேனா? எனக்குப் பின்னாடி மூணு உசுரு இருக்கு, நான் தூங்குவேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வக்கீல் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். "வேற யாராவது அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா ஒரு அத்தாட்சி கிடைச்சா போதும்மா, கேஸ் நிக்காது. உங்க ஏர்ஃபோர்ஸ் பேஸ்க்கு யாராவது போன் பண்ணிச் சொல்லியிருக்காங்களா பாருங்க" என்றார். அக்காவின் முகம் பளிச்சென்று ஆனது. "நாலு பேரு பண்ணாங்க சார், அதுல மூணு நானே எடுத்தேன்" என்றார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தாள் ஞாபகம் வந்தது. அந்த முகம் அணைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வக்கீல் எழுதிக் கேட்டதற்குத் தளத்திலிருந்து இரண்டு வரி பதில் வந்தது. பொதுமக்கள் அழைப்புகள் ஒலிப்பதிவு செய்யப்படுவதில்லை. அன்றைய தினசரித் தாளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. நகலில் அக்காவின் அழகான கையெழுத்தில், இரவு எட்டு மணி வரை அழைப்பு இல்லை. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்ற பட்டியலைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டால், தளம் அனுமதித்தால் தருகிறோம் என்றார்கள். பாதுகாப்புக் காரணம் என்று தளம் மறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்த நான்கு பேரைக் குரலை வைத்துத் தேடக் கிளம்பினார். வெளிச்சம் தெரியக்கூடிய தெருக்கள் என்று ஒரு கணக்குப் போட்டு, விடுமுறை நாளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு சோப்பு, ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு, கடைக்காரரைப் பேச வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பைத்தியம் என்று பேசினார்கள். வீட்டில் ஓர் அலமாரி நிறையச் சோப்பு சேர்ந்துவிட்டது. நான்காவது ஆளின் குரலைக் கேட்டவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் அவரோடு போகவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. உண்மையில் பயம். தாள் விவகாரம் வெளியே வந்தால் அந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் யார் என்று கேட்பார்களே என்ற பயம்.

மூன்றாவது மாதம் ஒரு பெயிண்ட் கடையில் அக்கா முதலில் கூப்பிட்ட ஆளைப் பிடித்துவிட்டார், கடைக்காரரேதான். இதோ பாருங்க, இந்தக் கலர் சீக்கிரம் தீர்ந்துடும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கடைக்காரர் நல்ல ஆள். தண்ணீர் கொடுத்து, கதையைக் கேட்டு, "சாட்சி சொல்ல வரேன், அதுக்கென்ன" என்றார். அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினார். மாமா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக வாசல் வரை நடந்தார் என்றும் சொன்னார்.

கடைக்காரர் வந்தார், கூண்டில் ஏறினார். அன்று மாலை வெளிச்சத்தைப் பார்த்தது உண்மை, தளத்துக்குப் போன் செய்தது உண்மை என்றார். வக்கீல் வெற்றியோடு உட்கார்ந்தார். அரசு வக்கீல் எழுந்து, "போன் பண்ணதுக்கு என்ன பதில் சொன்னாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதோ பாருங்க, பொய் சொல்லக்கூடாதில்ல. அது வெள்ளிக் கிரகம், மேகம் நகர்றதால அப்படித் தெரியுதுன்னு ஒரு மேடம் தெளிவா எடுத்துச் சொன்னாங்க. நானும் சரிதான்னு ஏத்துக்கிட்டேன்."

"இப்பவும் ஏத்துக்கிறீங்களா?"

"அவங்க பேஸ்ல இருக்கறவங்க. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அவ்வளவு நாளும் அழைப்பு வந்தது என்று மட்டும்தான் அக்கா அவரிடம் சொல்லியிருந்தார். என்ன பதில் சொன்னோம் என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அக்கா கூண்டில் ஏறி, அழைப்புகள் வந்தன, நான் எல்லோருக்கும் அட்டையில் இருந்ததைச் சொன்னேன், நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய் என்று சொல்ல வேண்டும். வக்கீல் எச்சரித்தார். "அரசாங்க ஆவணத்துல பொய் எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. வேலை போகும். அதோட நிக்காது, உள்ள போக வேண்டி வரும்." அக்கா, "போறேன் சார்" என்றார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகே நின்றபடியே கேட்டார்.

"நான் ஒருத்தி சொன்னா பெண்டாட்டி சொல்றான்னு தள்ளிடுவாங்க. வாய்க்கா ரோட்டுல இறங்குதுன்னு உங்கிட்டதான சொன்னான். நீயும் வந்து சொல்லுவியா?"

"பார்க்கலாம்க்கா" என்றேன்.

அக்காவுக்குக் குரலில் எல்லாம் தெரியும். "சரிடி, துணைக்காவது வா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

துணைக்குப் போனேன். சாட்சி சொல்ல வேண்டியவர் கூப்பிடும் வரை உள்ளே இருக்கக் கூடாது என்று எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். நீளமான நடை, சுவரோரம் மரப் பெஞ்சு. அக்கா சலவைப் புடவை கட்டியிருந்தார். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம், அழைப்பு, பதில், தாள். நடுவில் நிறுத்தி, "தாளைப் பத்தி முதல்ல சொல்லட்டுமா, கடைசியில சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்டார். முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். அந்தத் தைரியம் மட்டும் எனக்கு இருந்தது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கதவு திறந்தது. இறந்துபோன தையல்காரரின் மகள் முதலில் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் முன்னால் வந்து நின்று, கோபமே இல்லாமல், அசதியான குரலில் சொன்னார்: "இன்னைக்காவது உண்மையைச் சொன்னாரே உங்க வீட்டுக்காரர். எனக்கு அது போதும்."

அக்காவுக்குப் புரியவில்லை. பின்னாலேயே நீதிமன்றச் சேவகர் வந்தார். "நீங்க சாட்சி சொல்ல வேண்டாம்மா. அவரே ஒத்துக்கிட்டார், தூங்கிட்டேன்னு. கேஸ் முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம்."

அக்காவைக் கூப்பிடுவதற்குச் சற்று முன் மாமா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, "ஐயா, நான் தூங்கிட்டேன். வெளிச்சம்னு சொன்னது பொய்" என்றிருக்கிறார். யாருக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா எழுந்து கதவைப் பிடித்து இழுத்தார். "நான் சொல்லணும், என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்லணும்" என்று கத்தினார். சேவகர் மரியாதையாகத்தான் கையை விலக்கிவிட்டார். நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்து, நான்காவது அழைப்பை நான்தான் எடுத்தேன் என்று கத்தியிருக்கலாம்.

பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு மாமா வந்தார். அதற்குள் அக்கா வேலையை விட்டுவிட்டார். நான் விடவில்லை, இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். மாமா வந்த இரண்டாவது வாரம் ஒரு பகல் நேரத்தில் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தார். பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று மாமா அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"உண்மையைச் சொல்லு. நான் தூங்கிட்டேனா?"

"என்னங்க பேசறீங்க? நீங்க தூங்கல. எனக்காகச் சொன்னீங்க."

"அப்படித்தான் நானும் நினைச்சுட்டிருந்தேன். உள்ள தினம் தினம் எல்லாரும் கேப்பாங்க, என்ன கேஸுன்னு. தூங்கிட்டேன், தூங்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி... இப்ப கண்ணை மூடினா வெளிச்சம் வரமாட்டேங்குது. ஸ்டியரிங் மேல தலை சாயறதுதான் வருது."

"நாலு போன் வந்துச்சுங்க. நாலு பேரு பார்த்தாங்க."

"அவங்களுக்கு நீ வெள்ளின்னுதானே சொன்னே. அப்ப சொன்னது நிஜமா, இப்ப சொல்றது நிஜமா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார். வழி தெரியாதவர் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பதிலுக்காக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "மாமா, கடைசிப் போனை நான்தான் எடுத்தேன். ஆறு முப்பத்தஞ்சு. வாய்க்கா ரோட்டுல இறங்குது, ரொம்பத் தாழ வருது, முன்னாடி போன பைக்குக்காரன் வண்டியைப் போட்டுட்டு ஓடுறான்னு சொன்னாரு. என் காதால கேட்டேன். சத்தியமா மாமா. நீங்க தூங்கல" என்றேன். அழுதுவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா முழுதும் கேட்டார். பிறகு என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"அப்படி ஒண்ணு வந்திருந்தா கோர்ட்டுக்கு வந்து சொல்லியிருப்பே. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இப்பச் சொல்றே. நல்ல மனசும்மா உனக்கு. டீ ஆறுது, குடி" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன்.